தில்லித் தர்பாரும் தாது வருடப் பஞ்சமும்

வருவாய் குன்றிய ஒரு வீட்டில் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகிவிடுகின்றது. பெரியவர்கள் திண்ணையிற் கூடிப் பேசுகின்றார்கள். பந்தலைச் சுருக்கலாமா, மேளத்தைக் குறைக்கலாமா, பந்திக்கு அழைப்போர் தொகையை மட்டுப்படுத்தலாமா என்று கணக்குப் பார்க்கின்றார்கள். ஊரார் என்ன சொல்வார்கள் என்று ஒருவர் கேட்கின்றார். நாளைக்கு அடுப்பெரிய வேண்டாமா என்று இன்னொருவர் கேட்கின்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கின்றது.

ஒரு வீட்டில் எழும் இவ்வழக்கு ஒரு நாட்டிலும் எழுவதுண்டு. முடிசூட்டு விழா, பதவியேற்பு விழா, சுதந்திர தின விழா என்பன எல்லா நாடுகளிலும் நடைபெறுகின்றன. விளைச்சல் பொய்த்து, விலைவாசி ஏறி, மக்கள் வாடியிருக்கும் காலத்தில் இத்தகைய விழாக்களை எவ்வளவு சிறப்பாகக் கொண்டாடலாம்? பொருள் முடையைக் காரணமாகக் காட்டி அவற்றை நிறுத்திவிடுவதா? அல்லது நாட்டின் மதிப்பைக் காக்கும் பொருட்டு வழக்கம்போலவே நடத்துவதா? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர்க்கு வரலாற்றில் ஓர் ஏடு திறந்தே கிடக்கின்றது. அது 1877ஆம் ஆண்டின் முதல் நாளில் தில்லியில் நடந்த பெருந்தர்பாரின் கதை.

இங்கிலாந்தில் அப்பொழுது டிஸ்ரேலி பிரதம மந்திரியாயிருந்தார். விக்டோரியா மகாராணியார்க்கு இந்தியாவின் பேரரசி என்னும் பட்டத்தைச் சூட்டுதற்கான சட்டம் 1876இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அப்பட்டத்தை இந்திய மன்னர் அனைவரும் அறியப் பிரசித்தம் செய்யும் பணி, அவ்வாண்டிலேயே இராசப்பிரதிநிதியாக வந்துசேர்ந்த லிற்றன் பிரபுவிடம் ஒப்படைக்கப்பட்டது. லிற்றன் பிரபு கவிதை எழுதுபவர், அலங்காரத்தில் நாட்டமுடையவர். முகலாயர் ஆண்ட தில்லியே இவ்விழாவுக்குத் தக்க இடம் என அவர் தெரிந்துகொண்டார். நகருக்கு வெளியே பரந்த வெளியில் கூடார நகரம் ஒன்று எழுந்தது.

1876 திசெம்பர் 23ஆம் நாள் லிற்றன் பிரபு புகையிரதத்தில் தில்லிக்கு வந்திறங்கினார். யானை மீதமர்ந்து அவர் நகர்வலம் வந்த ஊர்வலம் மூன்று மணி நேரம் நீண்டது. அதனைத் தொடர்ந்து நாள்தோறும் மன்னர்களின் வரவேற்பும் விருந்துகளும் நடைபெற்றன. அறுபத்து மூன்று ஆளும் மன்னர்கள் அங்கே கூடினர். அவர்தம் பரிவாரங்களும் படைகளும் அதிகாரிகளும் சேர்ந்து கூடியோர் தொகை எண்பதினாயிரத்துக்கு மேலாயிற்று. ஒவ்வொரு மன்னர்க்கும் ஐரோப்பிய முறையில் குலச்சின்னம் ஒன்று புதிதாக வரையப்பட்டு, பட்டுக்கொடியிலே பொறிக்கப்பட்டு வழங்கப்பட்டது. ஒரு கொடியைத் தூக்க வலிய போர்வீரர் இருவர் வேண்டியிருந்ததாம். பொற்பதக்கங்களும் அளிக்கப்பட்டன. 1877 தை முதல் நாளெனத் தமிழர் தவறாக எண்ணிவிடக் கூடாது. ஆங்கில மாதக் கணக்கில் சனவரி முதல் நாள். நம்முடைய பஞ்சாங்கத்தின்படி அது தாது வருடம், மார்கழி மாதம். அன்று பிரகடனம் ஆங்கிலத்திலும் உருதுவிலும் வாசிக்கப்பட்டது. பீரங்கிகள் முழங்கின, துப்பாக்கிகள் வரிசையாக வெடித்தன. அவ்வொலியைக் கேட்டு மிரண்ட யானைகள் கூட்டத்தைக் கலைத்துக்கொண்டு ஓடின என்று அங்கிருந்தோர் எழுதிவைத்திருக்கின்றனர்.

தாது வருடம் என்றதும் நேயர்களுள் முதியோர் சிலர்க்குப் பாட்டன் பாட்டி சொல்லக் கேட்ட ஒரு சொற்றொடர் நினைவுக்கு வரலாம். தாது வருடப் பஞ்சம் என்பதே அது. தில்லியில் யானைகள் அணிவகுத்த அதே மார்கழியில், தென்னிந்தியாவில் மாடுகள் தீவனமின்றி மடிந்துகொண்டிருந்தன. 1876இல் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. வடகீழ்ப் பருவமழையும் பொய்த்தது. பல்லாரி, கர்நூல், கடப்பை, நெல்லூர், சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு, செங்கற்பட்டு முதலிய மாவட்டங்களில் பயிர் கருகியது. மைசூரிலும் ஐதராபாத்தின் பகுதிகளிலும் பம்பாய் மாகாணத்துத் தக்கணப் பிரதேசத்திலும் அதே நிலை. நிலமிருந்தோர் நகையை விற்றனர். பின்னர் மாட்டை விற்றனர். பின்னர் கூரை மரத்தையும் விற்றனர். விற்க ஒன்றுமில்லாத கூலிகள் ஊரைவிட்டு நடக்கத் தொடங்கினர்.

இந்த இரண்டு காட்சிகளையும் இணைக்கும் மனிதர்கள் சிலர் தில்லியிலேயே இருந்தனர். சென்னைக் கவர்னர் பக்கிங்காம் பிரபு தம் மாகாணம் பஞ்சத்தின் வாயில் கிடந்த வேளையில் தில்லிக்குச் சென்றிருந்தார். பம்பாய்க் கவர்னரும் சென்றிருந்தார். ஐதராபாத்து நிசாம் அப்பொழுது ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவர். மைசூரின் இளவரசரும் சிறுவரே. பஞ்சம் பரவிய நாடுகளின் தலைவர்கள் எல்லாரும் ஒரே பந்தலின் கீழ் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் ஆட்சிக்குட்பட்ட மக்களோ கிழங்கு தோண்டவும் கள்ளிப்பழம் பறிக்கவும் காடுகளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

லிற்றன் பிரபுவின் பக்கத்து நியாயத்தையும் நாம் கேட்டல் வேண்டும். 1857இன் பெருங்கிளர்ச்சி நடந்து அப்பொழுது இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்திய மன்னர்களின் பற்றினைப் பெறாமல் பேரரசு நிலைக்காது என்பது ஆங்கில ஆட்சியாளரின் எண்ணம். மன்னர்களோ மரியாதையால் மகிழ்பவர்கள். ஆதலின் இவ்விழா வெறும் ஆடம்பரமன்று, அரசியல் முதலீடு என்று அவர்கள் வாதித்தார்கள். நாள் குறித்து அழைப்பும் அனுப்பிய பின்னர் நிறுத்தினால் பேரரசின் பலவீனம் வெளிப்படும் என்றும் அஞ்சினார்கள். இன்னும் ஒன்று: தில்லியிலே கூடியிருந்த வேளையில் இராசப்பிரதிநிதியும் கவர்னர்களும் பஞ்சத்தைப் பற்றியும் ஆலோசனை நடத்தினார்கள் என்பது உண்மை. ஆகவே விழாவுக்கு வந்தோர் பஞ்சத்தை முற்றாக மறந்தார்கள் என்று கூறுதல் பொருந்தாது.

ஆனால் அந்த ஆலோசனையின் முடிவு யாது? இங்கேதான் இக்கதையின் உயிர்நிலை இருக்கின்றது.

விழாவுக்குச் சில வாரங்கள் முன்னர், பக்கிங்காம் பிரபுவின் அரசாங்கம் முப்பதினாயிரம் தொன் தானியத்தை இரகசியமாக வாங்கிச் சேமித்திருந்தது. இந்திய அரசாங்கம் அதனைக் கண்டித்து, இனி இவ்வாறு வாங்கலாகாது என்றது. தானிய வியாபாரத்தில் அரசு தலையிடலாகாது என்பது அக்காலத்துப் பொருளியற் கோட்பாடு. தில்லியாலோசனைக்குப் பின்னர் சேர் றிச்சர்ட் டெம்பிள் என்பவர் பஞ்ச நிலைமையைப் பார்வையிட்டுச் செலவைக் கட்டுப்படுத்தும் பொருட்டுச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். இந்த டெம்பிள் பஞ்சத்துக்குப் புதியவரல்லர். 1873-74இல் பீகாரில் பஞ்சம் தோன்றியபோது, பர்மாவிலிருந்து நான்கரை இலட்சம் தொன் அளவில் அரிசியைத் தருவித்து மக்களைக் காத்தவர் அவரே. அப்பொழுது பட்டினியால் இறந்தோர் மிகச் சிலர். அதற்காக அவரைப் பாராட்டியிருக்க வேண்டும். ஆயினும் பொதுப்பணத்தை வாரியிறைத்தார் என்ற பழியே அவருக்குக் கிடைத்தது. அந்தப் பழி அவரைச் சுட்டிருந்தது. சென்னைக்கு வந்த டெம்பிள், பீகாரில் கண்ட டெம்பிள் அல்லர்.

நிவாரண வேலைத்தலங்களில் மண் சுமந்து கல் உடைத்த ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும், கறி உப்புச் செலவுக்குச் சிறு காசும் போதும் என்று அவர் விதித்தார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதனிலும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையாளராயிருந்த மருத்துவர் கோர்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு ஒன்றரை இறாத்தல் தானியமும், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் கணக்கு. வாதம் நீண்டது. வேலைத்தலங்களில் மனிதர் மெலிந்துகொண்டே வந்தனர். ஈற்றில் சென்னை அரசாங்கம் கூலியை ஓரளவு உயர்த்திற்று. ஆயினும் அதற்கிடையில் மாதங்கள் சென்றுவிட்டன. பம்பாய் மாகாணத்தில் குறைந்த கூலியை ஏற்க மறுத்து மக்கள் வேலைத்தலங்களை விட்டு வெளியேறினர். அவ்வேளையில் துறைமுகங்களிலிருந்து கோதுமைக் கப்பல்கள் வழக்கம்போல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தன.

நேயர்களே, தர்பாருக்குச் செலவான பணத்தைப் பஞ்ச நிவாரணத்துக்குக் கொடுத்திருந்தால் எல்லா உயிர்களும் பிழைத்திருக்கும் என்று நான் கூறவில்லை. பஞ்சத்தின் அளவு மிகப் பெரிது. பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பின்னர் அமைந்த பஞ்ச விசாரணைக் குழுவின் மதிப்பு. அதனிலும் மிகுதியாக மதிப்பிட்டோரும் உளர். ஒரு விருந்தின் மிச்சத்தால் அவ்வளவு பேரையும் காத்திருக்க முடியாது. வரலாறு இங்கே காட்டும் குற்றம் வேறு. அரசுக்குச் சிக்கனம் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. இறாத்தல் கணக்கில் தெரிந்திருந்தது. அந்தச் சிக்கனம் கஞ்சிக் கலயத்தின்மேல் விழுந்தது; பட்டுக்கொடியின்மேல் விழவில்லை. ஒரே அரசின் ஒரே கருவூலம் ஒரே பருவத்தில் இரண்டு தராசுகளைக் கையாண்டது. மக்கள் மன்னிக்காதது இதனையே.

அந்தப் பஞ்சம் நமது இலங்கையையும் தொட்டது. இலங்கை இந்தியப் பேரரசில் சேராத தனிக் குடியேற்ற நாடு. தில்லிப் பிரகடனம் இங்கே செல்லாது. ஆனால் பசிக்கு அந்த எல்லை தெரியவில்லை. கோப்பித் தோட்டங்களில் வேலை கிடைக்கும் என்று கேள்வியுற்ற தென்னிந்தியக் குடும்பங்கள் முன்னெப்போதும் இல்லாத தொகையில் கடல் கடந்து வந்தன. மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்தார்கள். ஊரிலேயே உடல் நலிந்து போந்தவர்கள் ஆதலின், வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்களை வழியில் எளிதில் வீழ்த்தின. மலைநாட்டிலிருந்து இப்பேச்சைக் கேட்கும் அன்பர்களுள் பலருடைய முன்னோர் அந்தப் பாதையில் நடந்தவர்களாக இருத்தல் கூடும். அவர்கள் நடந்த காலத்தில் கோப்பிச் செடியை இலைநோய் பற்றி ஏழெட்டு ஆண்டுகளாயிருந்தன. அடைக்கலம் என்று அவர்கள் நாடி வந்த தொழிலும் அடுத்த சில ஆண்டுகளில் சரிந்துவிட்டது.

யாழ்ப்பாணத்திலும் அக்காலத்தில் உணவு முடையும் கொள்ளைநோயும் தலைகாட்டின. அப்பொழுது நல்லூர் ஆறுமுக நாவலர் செல்வரிடம் பொருள் திரட்டி, கஞ்சித்தொட்டித் தருமம் என்ற பெயரால் ஏழைகட்குக் கஞ்சி வார்க்க ஏற்பாடு செய்தார். கல்வியும் சமயமும் வளர்த்தவர் என்றே நாவலரை நாம் பெரிதும் போற்றுகின்றோம். 1879இல் அவர் மறைவதற்குச் சிறிது காலம் முன்னர் செய்த இப்பணியையும் அவற்றோடு சேர்த்தெண்ணுதல் தகும். தில்லியில் பொற்பதக்கம் பெற்ற மன்னர்களின் பெயர்களை இன்று யாழ்ப்பாணத்தில் யார் அறிவார்? கஞ்சித்தொட்டியை அறிவோர் பலர் இருக்கின்றனர்.

தர்பாரிலும் ஒரு வெள்ளை ஆடை தென்பட்டது. பூனா சார்வஜனிக சபையைச் சேர்ந்த கணேச வாசுதேவ ஜோஷி என்பார், பட்டும் வைரமும் பளபளத்த அந்தக் கூட்டத்திற் கதராடை அணிந்து சென்றார். பிரித்தானியக் குடிகளுக்குள்ள அரசியல் உரிமைகளை இந்தியர்க்கும் வழங்குமாறு வேண்டும் விண்ணப்பம் ஒன்றை அவர் சமர்ப்பித்தார். காந்தியடிகள் அப்பொழுது ஏழு வயதுப் பாலகர். எளிய உடை ஓர் அரசியல் மொழியாகும் என்பதை ஜோஷி அன்றே உணர்ந்திருந்தார் போலும்.

அடுத்த ஆண்டிலே, 1878இல், லிற்றன் பிரபு சுதேச மொழிப் பத்திரிகைகளை அடக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். வாயை அடக்கினால் நினைவும் அடங்குமா? கால் நூற்றாண்டு கழித்து, 1903 சனவரியில், கேர்சன் பிரபு அதே தில்லியில் ஏழாம் எட்வேட் மன்னரின் பொருட்டு இன்னுமொரு தர்பாரை நடத்தினார். 1899-1900இல் மேற்கிந்தியாவையும் மத்திய இந்தியாவையும் வாட்டிய கொடிய பஞ்சத்தின் தழும்பு அப்பொழுது ஆறவில்லை. கேர்சனும் இதனை அறியாதவரல்லர். விழா நாளில் வரிக்குறைப்பு ஒன்றை அறிவித்தால் மக்கள் மனம் குளிரும் என்று எண்ணி இலண்டன் அரசாங்கத்தை வேண்டினார். மன்னர் பெயரால் வரிக்குறைப்பை அறிவிக்க அவர்கள் உடன்படவில்லை. உப்புவரி சில வாரங்கள் கழித்து வரவு செலவுத் திட்டத்திலேதான் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த லால் மோகன் கோஷ், ஏழைகளிடம் வரி வாங்கி வாணவேடிக்கை காட்டும் ஆட்சியைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். 1877இல் முணுமுணுப்பாக இருந்தது 1903இல் மேடைப் பேச்சாகிவிட்டது.

இனி, விழாவைச் சுருக்கியோர் சிலரையும் பார்ப்போம். இங்கிலாந்தில் நான்காம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா 1821இல் நடைபெற்றது. அதற்கான செலவு ஏறத்தாழ 2,40,000 பவுண். அவர்க்குப்பின் வந்த நான்காம் வில்லியம் மன்னர் முடிசூட்டு விழாவே வேண்டாம் என்று கூறினார். நாட்டில் விவசாயத் தொழிலாளர் கலகம் நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. தேர்தற் சீர்திருத்தக் கிளர்ச்சியும் கொதித்துக்கொண்டிருந்தது. மந்திரிமார் வற்புறுத்தவே 1831இல் விழா நடந்தது. செலவு 43,000 பவுண் அளவினதே. பிரபுக்களுக்காக வெஸ்ற்மினிஸ்ரர் மண்டபத்தில் நடந்துவந்த பெருவிருந்து கைவிடப்பட்டது. அரைக்கிரவுண் விழா என்று பழமைப்பற்றாளர் எள்ளினர். ஆனால் அரண்மனையிலிருந்து தேவாலயம் வரை மன்னர் இரதத்தில் வீதிவழியே சென்ற ஊர்வலம் அவ்வாண்டு சேர்க்கப்பட்டது. பிரபுக்களின் விருந்து குறைந்தது. பொதுமக்கள் காணும் காட்சி கூடியது. பின்வந்த முடிசூட்டு விழாக்களில் அந்த விருந்து திரும்பவில்லை, ஊர்வலமோ நிலைத்துவிட்டது. சிக்கனத்தால் விழாவின் பொருள் குறையும் என்பார்க்கு இது விடையாகும்.

அமெரிக்காவில் பிராங்கிளின் ரூஸ்வெல்ற் 1933 மார்ச் 4ஆம் நாள் முதன்முறை பதவியேற்றபோது, மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் வங்கிகள் மூடிக்கிடந்தன. இலட்சக்கணக்கானோர் வேலையின்றித் திரிந்தனர். ஆயினும் ஊர்வலம் நடந்தது. இரவில் நடனவிழாவும் நடந்தது. மக்கள் அதனைப் பெரிதாகக் குறைகூறவில்லை. ஏனெனில் இரண்டு நாட்களுள் வங்கிகளை ஒழுங்குபடுத்தும் கட்டளை வெளிவந்தது; ஐந்து நாட்களுள் பாராளுமன்றம் கூடிச் சட்டம் இயற்றியது. விழா, செயலுக்கு முன்னுரையாக அமைந்தது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1945 சனவரியில், அவரே நான்காம் முறை பதவியேற்றார். அப்பொழுது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. விழா வெள்ளை மாளிகையின் முகப்பிலேயே நடந்தது; அணிவகுப்பு இல்லை. காங்கிரஸ் ஒதுக்கிய 25,000 டொலரும் வேண்டியதில்லை, 2,000 டொலருக்குள் முடித்துவிடலாம் என்றார் அவர். விருந்தினர்க்குக் குளிர்ந்த கோழி இறைச்சியும் வெண்ணெயில்லாத பணிசும் பரிமாறப்பட்டன. வீடுகளிலே வெண்ணெய் பங்கீட்டு அட்டைக்கு அளந்து கொடுக்கப்பட்ட காலத்தில், அரச மாளிகைப் பந்தியிலும் வெண்ணெய் இல்லை. தராசு ஒன்றாயிருந்தது.

இவ்வழக்கு அண்மையில் நம் வீட்டு முற்றத்துக்கும் வந்தது. 2022 ஏப்பிரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. எரிபொருளுக்கு நின்ற வரிசைகளையும், மருந்துக்கு அலைந்த நாட்களையும் எவரும் மறந்திரார். 2023 பெப்ருவரி 4ஆம் நாள் 75ஆவது சுதந்திர தினம் காலிமுகத்திடலில் கொண்டாடப்பட்டபோது, ஏறத்தாழ இருபது கோடி ரூபா செலவாகும் என்ற செய்தி நாடெங்கும் வாதத்தை எழுப்பியது. சுதந்திரத்தைக்கூடக் கொண்டாட முடியாத நாடு என்று உலகம் எண்ணுதலாகாது என்றனர் ஒரு சாரார். அந்தப் பணம் மருந்துக்கும் பிள்ளைகளின் உணவுக்கும் ஆகாதா என்றனர் மறு சாரார். தொடக்கத்திற் கூறிய திண்ணைப் பேச்சே இங்கும் நிகழ்ந்தது.

வரலாறு இவ்விரு சாரார்க்கும் பொதுவான ஓர் உரைகல்லைத் தருகின்றது. விழா மனிதர்க்கு வேண்டியதே. துன்பக் காலத்திலே கூடியிருந்து ஒரு கொடியை ஏற்றுதல் மனத்துக்கு உரம் தரும். வறியவர் வீட்டிலும் பொங்கல் பொங்குகின்றது; அப்பொங்கலை ஆடம்பரம் என்று எவரும் சொல்லார். ஆயின் வீட்டுத் தலைவன் தன் இலையிற் பாயசத்தைக் குறைக்காமல், பிள்ளைகளின் இலையிற் சோற்றைக் குறைப்பானாகில் அவன் நடத்தும் விழாவை ஊர் மறவாது. சிக்கனம் முதலில் எவர் இலையில் விழுகின்றது? அரசு எடுக்கும் எந்த விழாவையும் இவ்வொரு வினாவாற் சோதித்துவிடலாம்.

சென்னையிலே பக்கிங்காம் கால்வாய் என ஒரு நீர்வழி உண்டு. அதன் ஒரு பகுதி தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. ஓர் இறாத்தல் தானியத்தின் காலத்தவர் வெட்டிய கால்வாய் அது. அதற்குக் கவர்னரின் பெயர் சூட்டப்பட்டது. தில்லியிலே கூடார நகரம் இருந்த இடம் விழா முடிந்ததும் மீண்டும் வெறும் வெளியாயிற்று. பட்டுக்கொடிகள் அரண்மனைப் பெட்டிகளுக்குட் சென்றன. பசித்தவர் வெட்டிய அந்தக் கால்வாயோ இன்றும் கிடக்கின்றது.